தும்பைப்பட்டி தந்த தூய அமைச்சர்



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு தலைவரைப் பற்றி எழுதிக் கொடு என்று நம்ம யூனியன் செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஊர்ப் பக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஒத்தக்கடை யானைமலையைத் தாண்டி, மேலூரில் இறங்குவேன். அங்கிருந்து திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் தும்பைப்பட்டி. அந்த ஊரில் அரசாங்கம் கட்டிய மணிமண்டபம் ஒன்று இருக்கிறது. அது யாருக்கு என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். மந்திரியா இருந்தவரு, கடைசி வரைக்கும் கையில காசு இல்லாதவரு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நம்மில் பலருக்கும் தெரிந்த கக்கன் அவ்வளவுதான். மந்திரியாக இருந்தவர் தர்ம ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார்! கேட்டதும் கண் கலங்குவோம். அப்புறம் மறந்து விடுவோம். ஆனால் அவர் எப்படி மந்திரி ஆனார்? அந்த வேலையை அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? அவர் செய்ததற்கு யார் கணக்குக் கேட்டார்கள்? இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன லீவில் ஒரு மாதம் சைட் ட்ரெய்னிங் போனேன். வாய்க்கால் வேலை. ஒரு நாள் மூன்று குழியின் ஆழத்தையும் நோட்டில் எழுதச் சொன்னார்கள். ஒரு குழியைத்தான் அளந்திருந்தோம். மற்ற இரண்டுக்கும் அதே அளவைப் போடு என்றார்கள். போட்டேன். கீழே என் பெயரையும் எழுதினேன். ராத்திரி வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா கொத்தனார், எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் திட்டவில்லை. அந்தக் குழி நாளைக்கு இடிஞ்சா யாருப்பா பதில் சொல்றது என்று மட்டும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பேப்பரில் கையெழுத்துப் போட்டு வேலை பார்க்கப் போகிற முதல் ஆள் நான். முதல் கையெழுத்தே அளக்காத அளவுக்கு!

அன்றைக்கு இருந்து கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றியே யோசனை. அப்படி யோசித்துப் படித்ததுதான் கக்கனின் வாழ்க்கை.

பள்ளிக்கூடம் சொல்லித் தராத பாடம்

கக்கன் 1908-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி தும்பைப்பட்டியில் பிறந்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். அப்பா ஊர்க் கோயில் பூசாரி. மேலூரிலும் திருமங்கலத்திலும் படித்தார். காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சேரிப் பிள்ளை அந்த அளவு படித்ததே பெரிய விஷயம். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, கோயில் கோபுரத்தைத் தெருவில் நின்றுதான் கும்பிட வேண்டும் என்ற காலம் அது.

அவரைக் கைதூக்கி விட்டவர் மதுரை வக்கீல் அ.வைத்தியநாதய்யர். காந்தியவாதி. அவரோடு சேர்ந்து ஹரிஜன சேவா சங்க வேலைகளில் கக்கன் இறங்கினார். பிள்ளைகளைச் சேர்த்து இரவுப் பள்ளி நடத்துவது, மாணவர் விடுதியைக் கவனிப்பது, ஊர் ஊராய்ப் போய்ப் பேசுவது என்று நாள் போனது. நண்பர்களே, விடுதி நடத்துவது லேசான காரியமா? நம்ம ஹாஸ்டலை நினைத்துப் பாருங்கள். அரிசி எவ்வளவு, விறகு எவ்வளவு, எந்தப் பையனுக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பணம் கட்டவில்லை என்று தினமும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு துறையை நிர்வாகம் செய்யும் பயிற்சி அங்கேதான் ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார். அந்தச் சிறு கூட்டத்தில் கக்கனும் ஒருவர். எதிர்ப்பு பலமாக இருந்தது. அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அழைத்துப் போனவர்கள் மேல் வழக்கு வராதபடி அவரது அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது, பிறகு அது நிரந்தரச் சட்டமானது. கோயிலுக்குள் காலை வைப்பது ஒரு தைரியம். அந்தக் காலடி செல்லும்படியாக ஒரு சட்டத்தில் கையெழுத்து விழுவது இன்னொரு வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்பதைக் கக்கன் 31 வயதில் நேரிலேயே பார்த்துவிட்டார்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினராகப் போனார். நம் நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிய சபை அது. தீண்டாமை ஒழிந்தது என்று சொல்லும் 17-வது பிரிவை ஏற்றுக்கொண்டதும் அதுதான். மாநில அமைச்சர்கள் அனைவரும் கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்பானவர்கள் என்று சொல்லும் 164-வது பிரிவையும் அந்தச் சபைதான் எழுதியது. பின்னாளில் தன்னைக் கட்டுப்படுத்தப் போகிற விதி எழுதப்பட்ட சபையில் அவரே உட்கார்ந்திருந்தார்! 1952 முதல் 1957 வரை மதுரையின் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராகவும் இருந்தார். 1955-ல் வைத்தியநாதய்யர் மறைந்தபோது மகன்களோடு இன்னொரு மகனாகக் கக்கன் நின்றார் என்று மதுரையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். விடுதி, போராட்டம், சிறை, அரசியல் நிர்ணய சபை, நாடாளுமன்றம், கட்சி நிர்வாகம். இவ்வளவுக்கும் சுமார் 20 வருஷம்! மந்திரி ஆவதற்கு நம் சட்டத்தில் டிப்ளமோவும் தேவையில்லை, டிகிரியும் தேவையில்லை. சட்டசபை உறுப்பினராக இல்லாதவர் கூட மந்திரி ஆகலாம், 6 மாதத்துக்குள் உறுப்பினர் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான். பரீட்சை கிடையாது, சிலபஸ் கிடையாது. ஆகவே ஒருவர் நாற்காலிக்கு வரும் முன்னால் என்ன வேலை செய்தார் என்பதுதான் அவருக்குப் படிப்பு. கக்கன் அந்தப் படிப்பில் அரியர் வைக்காதவர்.

கோட்டையில் எட்டுப் பேர்

1957 தேர்தலில் மேலூரிலிருந்து சட்டசபைக்குப் போனார். காமராஜர் அமைத்த மந்திரிசபையில் முதலமைச்சரையும் சேர்த்து 8 பேர்தான். பக்தவத்சலம், சி.சுப்பிரமணியம், பின்னாளில் ஜனாதிபதியான ஆர்.வெங்கட்ராமன், லூர்தம்மாள் சைமன் போன்றவர்களோடு கக்கனும் ஒருவர். அவருக்குக் கிடைத்தது பொதுப்பணித்துறை. சிவில் படிக்கிற நமக்கு நெருக்கமான துறை!

என்ஜினீயரிங் தெரியாதவர் எப்படி அணைக்கட்டு வேலைகளைப் பார்ப்பார் என்று ஒரு சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. முறை எப்படி என்றால், மந்திரிக்குக் கீழே துறைச் செயலாளர் இருப்பார். தொழில்நுட்பத்துக்குச் சீஃப் என்ஜினீயர் இருப்பார். கீழே நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்கள் சைட்டில் அளந்து எழுதுவார்கள். அது எஸ்டிமேட்டாகி, ஃபைலாகி, ஒவ்வொரு மேஜையிலும் குறிப்பு சேர்ந்து மேலே போகும். பணம் உண்டா என்று நிதித்துறை பார்க்கும். எத்தனை மூட்டை சிமெண்ட் என்று மந்திரி கணக்குப் போடத் தேவையில்லை. ஆனால் எந்த ஊருக்குத் தண்ணீர் முதலில், எந்த வேலை இந்த வருஷம், எது அடுத்த வருஷம் என்ற முடிவு மந்திரியுடையது. அதிகாரிகள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். அவர்கள் சொன்னதாலேயே போட்டேன் என்று பிறகு தப்பிக்க முடியாது.

கக்கன் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தபோதுதான், 1959 ஜனவரியில், ஆண்டிபட்டி பக்கத்தில் வைகை அணை திறக்கப்பட்டது. இன்றைக்கும் அணையில் 71 அடி என்றால் மதுரைக்காரனுக்கு வயிறு குளிரும். நாம் ஹாஸ்டல் குழாயில் பிடிக்கிற தண்ணீரில் வைகைக்கும் பங்கு உண்டு. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வேலையும் அவர் காலத்தில் தொடங்கியது. இதெல்லாம் அவர் ஒருவர் செய்தது என்று சொன்னால் தப்பு. முதலமைச்சர் காமராஜர், என்ஜினீயர்கள், கல் உடைத்தவர்கள், மண் சுமந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தது. எங்க அப்பத்தா காலத்தில் இங்கிருந்து எத்தனையோ பேர் இப்படிப்பட்ட வேலைகளுக்கு மண் சுமக்கப் போனார்களாம். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது.

கேள்வி கேட்கும் சபை

1957 சபையில் காங்கிரசுக்குப் பெரிய மெஜாரிட்டி இருந்தது. ஆனாலும் மந்திரிகள் சும்மா உட்கார முடியவில்லை. அந்த வருஷம்தான் தி.மு.க. முதல் முறையாகச் சபைக்குள் வந்தது. 15 பேர்தான். ஆனால் அதில் அண்ணாவும் இருந்தார், கலைஞரும் இருந்தார்!

சபையில் மந்திரியைக் கேட்கும் வழிகள் பல. காலையில் கேள்வி நேரம். உறுப்பினர் கேள்வி கொடுத்தால் துறை பதில் தயார் செய்து தரும், எழுந்து சொல்ல வேண்டியது மந்திரி. துணைக் கேள்வி எங்கிருந்து வரும் என்று தெரியாது. வைவா மாதிரிதான்! அடுத்து மானியக் கோரிக்கை. துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று மந்திரி கேட்பார். அதில் வெறும் 100 ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள். ரூபாய் முக்கியமில்லை, அதைச் சாக்காக வைத்து அந்தத் துறையின் குறையை எல்லாம் பேசுவார்கள். செலவு முடிந்த பிறகு தணிக்கை அறிக்கை வரும். அதைப் பொதுக்கணக்குக் குழு எடுத்துப் பார்க்கும்.

1962 தேர்தலுக்குப் பின் கக்கன் விவசாய அமைச்சர். 1963 அக்டோபரில் காமராஜர் பதவியை விட்டு விலகிக் கட்சிப் பணிக்குப் போனார். பக்தவத்சலம் முதலமைச்சரானார். கக்கனுக்கு உள்துறை வந்தது, அதாவது போலீஸ். தெருவில் நடக்கவே உரிமை இல்லாத ஒரு சேரியில் பிறந்தவர் கையில் மாநிலத்தின் போலீஸ் இலாகா! அவர் அந்தப் பொறுப்பில் இருந்த 1964-ல்தான் லஞ்ச ஒழிப்புத் துறை நம் மாநிலத்தில் ஏற்பட்டது. அமைச்சர் கக்கன் மேல் லஞ்சம் என்று ஒரு புள்ளி கூட விழவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்ட விஷயம் இது.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் நிறுத்தக் கூடாது.

1965

1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற நிலை. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். முதல் நாள், ஜனவரி 25, நம்ம மதுரையில் மாணவர் ஊர்வலம். வடக்கு மாசி வீதி காங்கிரஸ் அலுவலகம் பக்கத்தில் மோதல் வெடித்தது. அங்கிருந்து கலவரம் மாநிலம் முழுக்கப் பரவியது. தடியடி, துப்பாக்கிச்சூடு. ஜனவரி 27-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் குண்டடிபட்டு இறந்தார். நம்மை விடப் பெரிதாக ஒன்றும் வயது வித்தியாசம் இருக்காது. இறந்தவர்கள் சுமார் 70 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. நிஜத்தில் அதற்கு மேல் என்று அப்போதே பேச்சு. இறந்தவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு.

அப்போது உள்துறை அமைச்சர் நம்ம கக்கன்.

அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் சுடச் சொன்னவரும் அவரில்லை. முதலமைச்சர் பக்தவத்சலத்தின் உறுதியான கொள்கைதான் அரசின் கொள்கையாக இருந்தது. ஆனால் போலீஸ் அவர் இலாகா. அமைச்சரவை கூட்டாகப் பொறுப்பு என்று எழுதிய சபையில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

இந்த இடத்தில் இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் வெள்ளத்தில் பாலம் சேதமாகி ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ரயிலை ஓட்டியவர் மந்திரி இல்லை. ஆனாலும் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியை ராஜினாமா செய்தார். அதே சாஸ்திரிதான் 1965-ல் பிரதமர். பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் மொழிப் பிரச்சினையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றைக்கே சாஸ்திரி ரேடியோவில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன.

சென்னைக் கோட்டையில் யாரும் விலகவில்லை. கக்கனும் விலகவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்க ஊர்க்காரர், எனக்குத் தெய்வம் மாதிரி. அவர் விலகியிருக்கணுமோ என்று நான் கேட்கலாமா? பல நாள் யோசித்தேன். கேட்கலாம் என்றுதான் படுகிறது. லஞ்சம் வாங்காதது ஒரு கடமை. தன் இலாகாவில் நடந்ததற்குப் பதில் சொல்வது இன்னொரு கடமை. முதல் கடமையைச் செய்துவிட்டதால் இரண்டாவது தள்ளுபடி ஆகாது. நல்லவர்களிடம் கணக்குக் கேட்பது அவர்களை அவமதிப்பது ஆகாது.

மக்கள் போட்ட தீர்ப்பு

சபை கேட்காத கணக்கை மக்கள் கேட்டார்கள். 1967 தேர்தலில் மொழிப் போராட்டக் கோபமும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து காங்கிரசைக் கவிழ்த்தன. விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். மேலூர் மண்ணில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். பிறந்த மண்ணே சொல்லிவிட்டது!

இங்கேதான் கக்கனின் பெருமையை நான் பார்க்கிறேன். 10 வருஷம் மந்திரியாக இருந்தவர், தீர்ப்பு வந்ததும் இறங்கி, மறுநாள் சாதாரண மனிதனாக நடந்தார். சொந்தக் கார் கிடையாது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. பதவியில் இருந்தபோது வந்த அதிகாரிகள், கார், வீடு எல்லாம் பதவியோடு போய்விட்டன. அவர் எதையும் சேர்த்து வைக்காததால் மிச்சம் ஒன்றும் இல்லை.

உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் கிடந்தார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வேறொருவரைப் பார்க்க அங்கே வந்தபோதுதான் கக்கன் இருக்கிறார் என்று தெரிந்தது. பதறிப்போய் நேரில் பார்த்தார். நல்ல சிகிச்சைக்கும், பிறகு மாத உதவிக்கும் வீட்டுக்கும் ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23-ல் கக்கன் காலமானார். 1999-ல் மத்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

இந்த ஆஸ்பத்திரிக் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஒரு நாள் அப்பா கேட்டார்: அவரு நேர்மையா இருந்ததுக்கு அதுதான் கூலியா? என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நேர்மையாக இருப்பவன் கடைசியில் தரையில் படுக்க வேண்டும் என்றால், எத்தனை பேர் நேர்மையாக இருப்பார்கள்? ஒரு முதலமைச்சர் தற்செயலாக வந்து பார்த்ததால் உதவி கிடைத்தது. தற்செயலை நம்பி நாடு நடத்தக் கூடாது. பதவியில் இருக்கும்போது கணக்குக் கேட்கவும் ஒழுங்கான முறை வேண்டும். பதவி போன பிறகு கண்ணியமாக வாழவும் ஒழுங்கான முறை வேண்டும்.

நண்பர்களே! நம்மில் யாரும் மந்திரி ஆகாமல் போகலாம். ஆனால் நாளைக்கு நாம் சூப்பர்வைசர், ஓவர்சியர், ஜூனியர் என்ஜினீயர். மந்திரி வரைக்கும் மேலே போகிற ஃபைலில் முதல் அளவை எழுதப் போகிறவர்கள் நாம்தான். அடியில் இருக்கிற அளவு பொய் என்றால் மேலே எத்தனை கக்கன் உட்கார்ந்தாலும் அந்தக் கையெழுத்து பொய்தான்.

லீவு முடியும் முன் அந்த வாய்க்காலுக்கு மறுபடி போனேன். இரண்டு குழியில் ஒன்று மூடியாகிவிட்டது. திறந்திருந்ததை அளந்தேன். 20 சென்டிமீட்டர் குறைவு. நோட்டில் என் பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மூடிய குழிக்கு நேராக, அளக்கவில்லை என்று எழுதி வைத்தேன். சைட்டில் திட்டுதான் கிடைத்தது. அடுத்த தடவை அங்கே ட்ரெய்னிங் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை.

அடுத்த தடவை மேலூர்ப் பக்கம் வந்தால் தும்பைப்பட்டியில் இறங்கி அந்த மண்டபத்தைப் பாருங்கள். கும்பிட்டு விட்டு, ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு வாருங்கள். கக்கன்ஜி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாழ்க கக்கன் புகழ்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு